கான்கானோ ஏரிகளின் சரளைப்பாதை மிதிவண்டித் தடங்கள்

கான்கானோ ஏரிகள் என்பவை வட இத்தாலியின் லொம்பார்டி மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ஃபிராயேலே பள்ளத்தாக்கில் அமைந்துள்ள இரண்டு நீர்த்தேக்கங்கள் ஆகும். கிழக்கில் உள்ளது கான்கானோ ஏரி எனவும், மேற்கில் உள்ளது சான் ஜாக்கோமோ ஏரி எனவும் அழைக்கப்படுகின்றன. இரண்டும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளன. அருகிலுள்ள நகரம் போர்மியோ ஆகும். இவ்வேரிகளைச் சுற்றிச் செல்லும் தார் இடப்படாத பாதைகள், சரளைப்பாதை மிதிவண்டி ஓட்டத்திற்குப் பெயர்பெற்றவை. இப்பாதைகளுட் பல விளையாட்டுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. அணை கட்டுவோருக்கும், வணிகருக்கும், கால்நடை மேய்ப்போருக்கும் பயன்பட்ட வழிகளே பின்னாளில் மிதிவண்டித் தடங்களாயின.

சரளைப்பாதை மிதிவண்டி

சரளைப்பாதை மிதிவண்டி (கிராவல் பைக்) என்பது பந்தய மிதிவண்டிக்கும் மலை மிதிவண்டிக்கும் இடைப்பட்ட வகையாகும். பந்தய மிதிவண்டியைப் போலக் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி உடையது. ஆனால் இதன் டயர்கள் பொதுவாக 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமானவை. அகலமான டயரில் காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்ட இயலும். அழுத்தம் குறைந்த டயர் சிறு கற்களின் மேல் துள்ளாமல் அவற்றைத் தழுவிச் செல்வதால், பிடிப்பு கூடுகிறது, அதிர்வு குறைகிறது. செங்குத்தான ஏற்றங்களுக்காகத் தாழ்ந்த பற்சக்கர விகிதங்களும், நீண்ட இறக்கங்களுக்காக வட்டத்தகட்டு பிரேக்குகளும் பொருத்தப்படுகின்றன.

இவ்விளையாட்டு 2000களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கியது. கன்சாஸ் மாநிலத்தில் நடைபெறும் நெடுந்தொலைவுப் போட்டி ஒன்று 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது; அது இன்று அன்பவுண்ட் கிராவல் என அறியப்படுகிறது. அனைத்துலக மிதிவண்டி ஒன்றியத்தின் முதலாவது சரளைப்பாதை உலகப் போட்டி 2022ஆம் ஆண்டில் இத்தாலியின் வெனெட்டோ மாநிலத்தில் நடைபெற்றது.

அணைகளும் பாதைகளும்

மிலான் நகரின் மின் தேவைக்காக இப்பள்ளத்தாக்கில் அணைகள் கட்டப்பட்டன. முதலாவது கான்கானோ அணை 1920களில் எழுந்தது. சான் ஜாக்கோமோ அணை 1940க்கும் 1950க்கும் இடையில் கட்டப்பட்டது. இதன் கொள்ளளவு ஏறத்தாழ 6.4 கோடி கன மீட்டர். இன்றைய கான்கானோ அணை 1953 முதல் 1956 வரை கட்டப்பட்டது. இது 136 மீட்டர் உயரமானது, ஏறத்தாழ 12.4 கோடி கன மீட்டர் நீரைத் தேக்க வல்லது. பெரிய அணை நிறைந்தபோது பழைய அணை நீருள் மூழ்கியது.

ஏரிக்கரைப் பாதைகள் ஏன் சமமாக உள்ளன என்பதற்கு இவ்வரலாறே காரணமாகும். தேங்கிய நீரின் விளிம்பு இயல்பாகவே ஒரே உயரத்தில் அமைவது. நிலப்படத்தில் அது ஒரு சமவுயரக் கோடு ஆகும். அதையொட்டி அமைக்கப்பட்ட பராமரிப்புப் பாதையிலும் ஏற்ற இறக்கம் குறைவாகவே இருக்கும். அணைப் பணிக்குச் சுமையேற்றிய ஊர்திகள் செல்ல வேண்டியிருந்ததால் பாதையின் அடித்தளமும் உறுதியாக இடப்பட்டது.

இங்குள்ள தெகோவில் தடம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அணைக்கான கட்டுமானப் பொருள்களை ஏற்றிச் செல்ல மலைச்சரிவில் ஒரு குறுகிய இருப்புப்பாதை இடப்பட்டிருந்தது. எளிதில் இடவும் பெயர்க்கவும் கூடிய இத்தகைய இருப்புப்பாதைகளை உருவாக்கிய பிரெஞ்சு நாட்டவரான பால் தெகோவில் என்பவரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் எளிதில் வழுக்கும் என்பதால், தொடருந்துப் பாதைகள் மிகக் குறைந்த சாய்வுடனேயே அமைக்கப்பட வேண்டும். தண்டவாளங்கள் அகற்றப்பட்ட பின், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலேயே நீண்டு செல்லும் சமதளப் பாதை எஞ்சியது.

முதன்மைத் தடங்கள்

- ஏரிச் சுற்று: இரு ஏரிகளையும் சுற்றிவர ஏறத்தாழ 20 கி.மீ. ஆகும். ஏற்றம் குறைவு என்பதால் புதியவர்களுக்கும் ஏற்றது. அணைகளின் மேற்புறமாகவும் கடக்கலாம்.
- தெகோவில் தடம்: ஃபொஸ்காஞ்ஞோ கணவாய்ச் சாலையில் உள்ள அர்னோகா என்னும் சிற்றூரிலிருந்து ஃபிராயேலே கோபுரங்கள் வரை சுமார் 10 கி.மீ. செல்கிறது.
- ஆல்பிசெல்லா பள்ளத்தாக்கு: சான் ஜாக்கோமோ ஏரியிலிருந்து சுமார் 2,280 மீட்டர் உயரமுள்ள கணவாயைக் கடந்து லிவிஞ்ஞோ நகரை அடைகிறது. அத்தா ஆற்றின் ஊற்று இவ்வழியில் உள்ளது.
- மோரா பள்ளத்தாக்கு: ஃபிராயேலே கணவாய் வழியாகச் சுவிட்சர்லாந்தினுள் நுழைந்து சாந்தா மரியா ஊரை நோக்கிச் செல்கிறது. சில பகுதிகளில் தடம் மிகக் குறுகிக் கற்சரிவின் ஓரமாகச் செல்வதால், அங்கு இறங்கி மிதிவண்டியைத் தள்ளிச் செல்வதே நன்று.

கடைசி இரு தடங்களும் ஒரு நீர்ப்பிரிமேட்டைக் கடக்கின்றன. ஏரிகளின் பக்கத்தில் பெய்யும் மழை இயல்பாக அத்தா, போ ஆறுகள் வழியாக அட்ரியாட்டிக் கடலை அடைகிறது. மறுபக்கத்து மழை இன், தன்யூப் ஆறுகள் வழியாகக் கருங்கடலை அடைகிறது.

ஏற்றமும் உயரத்தின் விளைவும்

போர்மியோவிலிருந்து ஏரிகளுக்குச் செல்லும் சாலை கோபுரங்களை அடையுமுன் பல கொண்டையூசி வளைவுகளில் ஏறுகிறது. நகரிலிருந்து உயர வேறுபாடு ஏறத்தாழ 700 மீட்டர். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோகிராம் எனக் கொண்டால், இவ்வுயரத்தை ஏறுவதற்கான வேலை ஏறத்தாழ 580 கிலோஜூல் ஆகும். ஏரியின் நீர் 600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து பிரெமாதியோ மின் நிலையத்திற்கு இறங்குகிறது. ஏறத்தாழ 100 லிட்டர் நீர் அவ்வாறு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலும், ஒருவர் மிதித்து மேலேறச் செலவிடும் வேலையும் ஏறக்குறைய ஒன்றே.

1,900 மீட்டர் உயரத்தில் வளியழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிசனும் அதே அளவில் குறைவதால், சமவெளியில் பழகியவர்கள் விரைவில் களைப்படைவர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறைகிறது. கோடையின் பிற்பகலில் இடிமழை வருவது வழக்கம். ஆகவே காலையில் புறப்பட்டு, மழைக்காப்பு உடையுடன் செல்வது அறிவுறுத்தப்படுகிறது. பொதுவாகச் சூன் முதல் அக்டோபர் முற்பகுதி வரையே தடங்கள் பனியின்றி இருக்கும்.

வரலாறு

நெடுங்காலமாக இப்பள்ளத்தாக்கு ஆல்ப்ஸ் மலையின் தெற்கையும் வடக்கையும் இணைத்த வணிக வழியாக இருந்தது. அவ்வழியைக் காக்க 1391ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட இரு கோபுரங்கள் இன்றும் பாறை முகட்டில் நிற்கின்றன. முப்பதாண்டுப் போரின்போது, 1635ஆம் ஆண்டு அக்டோபரில், ரோகான் கோமகன் தலைமையிலான பிரெஞ்சுப் படை இங்கு பேரரசுப் படையை வென்றது.

கொரோனா தொற்றால் தள்ளிவைக்கப்பட்ட 2020ஆம் ஆண்டின் ஜிரோ தித்தாலியா பந்தயத்தில், அக்டோபர் 22 அன்று நடந்த 18ஆம் கட்டம் கான்கானோ ஏரிக்கரையில் முடிந்தது. வீரர்கள் இசுதெல்வியோ கணவாயைக் கடந்த பின் இந்த ஏற்றத்தை எதிர்கொண்டனர். ஆத்திரேலியரான ஜெய் இன்ட்லி வென்றார். இக்கட்டத்திற்குப் பின் உலக அளவில் இவ்வேரிகள் மேலும் அறியப்பட்டன.

சுற்றுச்சூழலும் ஒழுங்கும்

இப்பள்ளத்தாக்கு 1935இல் நிறுவப்பட்ட இசுதெல்வியோ தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. மார்மொட், மலையாடு, தாடிக் கழுகு முதலியன இங்கு வாழ்கின்றன. இவ்வுயரத்தில் தாவரங்கள் வளரும் காலம் சில மாதங்களே என்பதால், ஒருமுறை சிதைந்த புல்தரை மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஈர நிலத்தில் தடம் விலகிச் செல்லும் சக்கரம் ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. மழைநீர் அப்பள்ளத்தில் ஓடி அதை ஆழமாக்குகிறது. அண்டையிலுள்ள, 1914இல் நிறுவப்பட்ட சுவிட்சர்லாந்து தேசியப் பூங்காவின் பாதைகளில் மிதிவண்டிகளுக்கு இடமில்லை. மோரா பள்ளத்தாக்குத் தடம் அப்பூங்காவிற்கு வெளியே அமைந்துள்ளது.

பாதைகள் நடப்போருக்கும் கால்நடைகளுக்கும் பொதுவானவை. வளைவுகளில் வேகத்தைக் குறைப்பதும், நடப்போருக்கு வழிவிடுவதும், மேய்ச்சல் வேலிக் கதவுகளைத் திறந்தால் மீண்டும் மூடுவதும் ஓட்டுநரின் கடமைகளாகும். வறட்சியால் ஏரிநீர் தாழும்போது வெளித்தெரியும் சேற்றுத்தரை உறுதியாகத் தோன்றினும் புதையக்கூடியது. அதில் மிதிவண்டியை இறக்குதல் ஆகாது.