ஒற்றைக் கண்ணோடு ஓடும் கார்: முன்விளக்கு பல்ப்பை வீட்டிலேயே மாற்றலாம்

அதிகாலை ஐந்தரை மணி. தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்குப் போகும் பாதை. இரு பக்கமும் செம்பனை மரங்கள், தெருவிளக்கு கிடையாது. எதிரே ஒரே ஒரு வெளிச்சம் வருகிறது. மோட்டார் சைக்கிள்தான் என்று நினைத்து நாமும் நடுவிலேயே போகிறோம். கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறது, அது ஒரு பக்க விளக்கு எரியாத கார்.

இந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. மயிரிழையில் தப்பியிருப்போம். அடுத்த நாள் மறந்தும் போயிருப்போம்.

நம் நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. ஒரு காரின் வலது விளக்கு, அதாவது ஓட்டுநர் பக்க விளக்கு, எரியவில்லை என்றால் எதிரே வருபவருக்கு அதன் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். சாலை ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது என்று அவர் கணக்குப் போடுவார். ஆனால் அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில், நடுக்கோட்டை ஒட்டி, காரின் மீதி உடம்பு இருட்டில் வந்துகொண்டிருக்கும். மலேசியாவில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கு போட்டுத்தான் ஓட வேண்டும். அதனால் ஒற்றை விளக்கு என்றாலே மோட்டார் சைக்கிள் என்று நம் கண் பழகிவிட்டது. ஆபத்தே அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

"இன்னொரு விளக்கு எரிகிறதே, சம்பளம் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுபவர்கள் உண்டு. பட்டறைக்குப் போக டவுனுக்கு அரை மணி நேரம் ஓட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும் என்பதும் நியாயமான காரணம்தான். ஆனால் பழைய கார்கள் பலவற்றில் இந்த வேலைக்குப் பட்டறையே தேவையில்லை. நிதானமாகச் செய்தால் பதினைந்து நிமிட வேலை. சாதாரண பல்ப்பின் விலையும், ஒரு குடும்பம் ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவைவிடக் குறைவு.

முதலில் எது போனது என்று பாருங்கள்

மாலை நேரத்தில் காரை ஒரு சுவருக்கு எதிரே மூன்று நான்கு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். லோ பீம் போடுங்கள், பிறகு ஹை பீம் போடுங்கள். சுவரில் இரண்டு வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள்.

கான்சில், விவா, பழைய மைவி, வீரா, சாகா போன்ற கார்களில் பெரும்பாலும் எச்4 என்ற பல்ப் இருக்கும். இதன் உள்ளே இரண்டு இழைகள் உண்டு. ஒன்று லோ பீமுக்கு, மற்றொன்று ஹை பீமுக்கு. நாம் அதிகம் பயன்படுத்துவது லோ பீம் என்பதால் அந்த இழைதான் பெரும்பாலும் முதலில் அறுந்து போகும். ஹை பீம் அப்போதும் எரியும். சிலர் அதையே போட்டுக்கொண்டு நாள் கணக்கில் ஓட்டுகிறார்கள். எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவருக்குக் கண் கூசி, சாலை ஓரமே தெரியாமல் போகும். நம் பிரச்சினையை அடுத்தவர் தலையில் ஏற்றுவதுதான் அது.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்தால் பல்ப்பை உடனே குற்றம் சொல்லாதீர்கள். இரண்டு பல்ப்பும் ஒரே நிமிடத்தில் போவது அரிது. பியூஸ், ரிலே அல்லது சுவிட்ச் பக்கம் கோளாறு இருக்கலாம்.

சரியான பல்ப்பை வாங்குவது எப்படி?

பல்ப்பின் உலோக அடிப்பாகத்தில் அதன் வகையும் அளவும் பொறிக்கப்பட்டிருக்கும். எச்4 என்றால் 12 வோல்ட், 60/55 வாட் என்று இருக்கும். 60 வாட் ஹை பீமுக்கு, 55 வாட் லோ பீமுக்கு. சில கார்களில் லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் தனித்தனியாக எச்7 அல்லது எச்11 பல்ப் இருக்கும். காரோடு வந்த கையேட்டிலும் இது இருக்கும். கையேடு இல்லை என்றால் பழைய பல்ப்பைக் கழற்றி, ஸ்பேர்பார்ட் கடைக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள். அதைவிட நிச்சயமான வழி இல்லை.

கடையில் "இது இன்னும் வெளிச்சம்" என்று 100/90 வாட் பல்ப்பை நீட்டினால் வாங்காதீர்கள். 60 வாட் பல்ப் ஏறக்குறைய 5 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 100 வாட் பல்ப் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். காரின் வயரும் பிளக்கும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் பிளக் பழுப்பு நிறமாகும், பிறகு உருகும். பழைய காரில் அது தீயாகவும் மாறலாம்.

முடிந்தால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். இரண்டும் ஒரே காலத்தில் போட்டவை என்றால் மற்றதும் வெகுநாள் தாங்காது. இன்னும் எரிகிற பழையதைத் தூக்கி எறியாமல், புது பல்ப் வந்த பெட்டியில் பத்திரமாக வைத்து டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். தீபாவளிக்கு இரவோடு இரவாக ஊருக்குப் போகும்போது வழியில் பல்ப் போனால் அது கை கொடுக்கும்.

மாற்றும் முறை

1. எஞ்சினையும் விளக்கையும் அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். எரியும் ஹாலஜன் பல்ப்பின் கண்ணாடி நூற்றுக்கணக்கான பாகை சூட்டில் இருக்கும். தொட்டால் தோல் வெந்துவிடும்.

2. பானட்டைத் திறந்து கம்பியால் முட்டுக் கொடுங்கள். கம்பி அதன் துளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு முறை அசைத்துப் பாருங்கள். முன்விளக்கின் பின்பக்கம் மூன்று கால் பிளக்கும், அதைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் மூடியும் தெரியும். சில கார்களில் ஒரு பக்கம் பேட்டரியோ கண்ணாடி கழுவும் தண்ணீர்ப் போத்தலோ கையை இடிக்கும். வலுக்கட்டாயமாகக் கையை நுழைக்காமல் அதைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

3. பிளக்கை இரண்டு பக்கமும் பிடித்து, லேசாக அசைத்தபடி நேராகப் பின்னால் இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பிறகு ரப்பர் மூடியை அதன் காதுகளைப் பிடித்துக் கழற்றுங்கள்.

4. இப்போது பல்ப்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பி கிளிப் தெரியும். அது எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது இந்தப் படம்தான் உதவும். கிளிப்பை உள்நோக்கி அழுத்தி, ஓரமாகத் தள்ளினால் கொக்கியிலிருந்து விடுபடும்.

5. பழைய பல்ப்பை நேராக வெளியே எடுங்கள். அதன் அடித்தட்டில் மூன்று காதுகள் இருக்கும். மேலே இருப்பது பெரியது.

6. புது பல்ப்பை உலோக அடிப்பாகத்தில் மட்டும் பிடியுங்கள். கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. நம் விரலில் இருக்கும் எண்ணெய் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பல்ப் எரியும்போது அந்த இடம் மட்டும் அதிகம் சூடேறும். கண்ணாடி பலவீனமாகி, பல்ப் சீக்கிரம் போய்விடும், சில சமயம் வெடித்தும் விடும். தவறித் தொட்டுவிட்டால் சுத்தமான துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து, நன்றாக உலர விட்டுப் பிறகு மாட்டுங்கள்.

7. பெரிய காது மேலே இருக்கும்படி, மூன்று காதுகளும் பள்ளங்களில் உட்காருமாறு வையுங்கள். சரியாக உட்கார்ந்தால் பல்ப் ஆடாது. ஆடினால் எடுத்து மறுபடி வையுங்கள். கோணலாக இருக்கும் பல்ப்பின் மேல் கிளிப்பை அழுத்தி மாட்டினால் வெளிச்சம் மரத்தின் மேலே போகும், சாலையில் விழாது.

8. கிளிப்பை மாட்டுங்கள். ரப்பர் மூடியைச் சுற்றிலும் அழுத்தி, இடைவெளி இல்லாமல் பொருத்துங்கள். நம் ஊர் மழைக்கு இது முக்கியம். தண்ணீர் புகுந்தால் விளக்கின் உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும். பிறகு எந்த பல்ப் போட்டாலும் வெளிச்சம் வராது. கடைசியாக பிளக்கைச் செருகுங்கள்.

9. பானட்டை மூடும் முன்பே லோ பீம், ஹை பீம் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

பிறகு காரை மறுபடியும் அதே சுவருக்கு எதிரே நிறுத்துங்கள். இரண்டு பக்க லோ பீம் வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் விழ வேண்டும். நம் நாட்டுக் கார்களில் அந்த வெளிச்சத்தின் மேல் விளிம்பு இடப்பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும். சாலையோரத்தில் நடப்பவர்களைக் காட்டுவதற்கும், எதிரே வருபவரின் கண்ணில் படாமல் இருப்பதற்கும் அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியிருந்தால் பல்ப் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

புது பல்ப்பும் எரியவில்லை என்றால்

இடது பல்ப்பையும் வலது பல்ப்பையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் பல்ப்போடு பக்கம் மாறினால் பல்ப்தான் காரணம். பக்கம் மாறாமல் அங்கேயே இருந்தால் பியூஸோ பிளக்கோ வயரோதான் காரணம். பிளக் கருகியோ உருகியோ இருந்தால் அதை மாற்றாமல் பல்ப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் பியூஸைத்தான் போட வேண்டும். அதுவும் உடனே போய்விட்டால் பெரிய பியூஸோ வெள்ளித் தாளோ வைத்துச் சமாளிக்காதீர்கள். அதற்குமேல் அது வயர்மேன் வேலை.

சில மாதங்களுக்கு ஒரு முறை பல்ப் போய்க்கொண்டே இருந்தால் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வழக்கமாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். 15 வோல்ட்டைத் தாண்டினால் பல்ப்பின் ஆயுள் குறைந்துவிடும். தோட்டத்துக் கல் பாதையில் தினமும் குலுங்குவதும் பல்ப்பின் இழைக்கு எதிரிதான்.

எல்.இ.டி. மாட்டலாமா?

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஹாலஜன் விளக்குக்குள் எல்.இ.டி. அல்லது எச்.ஐ.டி. பல்ப்பை மாட்டுபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பழைய காரின் விளக்கு, ஹாலஜன் பல்ப்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. வேறு வகை பல்ப்பை வைத்தால் வெளிச்சம் கண்டபடி சிதறும். ஓட்டுபவருக்கு வெள்ளையாக, பிரகாசமாகத் தெரியும். எதிரே வருபவருக்குக் கண் இருட்டும். அடுத்தவர் கண்ணைக் கூசச் செய்யும்படி விளக்கை மாற்றினால் ஜேபிஜே சமன் கொடுக்கும். காரை விற்றுப் பெயர் மாற்றும்போது பரிசோதனையிலும் சிக்கல் வரும்.

தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. விளக்கோடு வரும் கார்களின் கதை வேறு. 2017-இல் வந்த மைவி போன்ற கார்களில் முன்விளக்கு பல்ப்பை இப்படிக் கழற்றி மாற்ற முடியாது. அவற்றைச் சேவை மையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

பல்ப்பை மாற்றியும் வெளிச்சம் மங்கலாக இருந்தால் விளக்கின் முன் மூடியைப் பாருங்கள். அது பிளாஸ்டிக். வெயிலில் வருடக்கணக்கில் நின்று மஞ்சளாகியிருந்தால் பாலிஷ் போட்டால்தான் வெளிச்சம் வரும்.

வாரம் ஒரு முறை பாருங்கள்

காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு விளக்கு போனது பெரும்பாலும் தெரியாது. டவுனில் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஓட்டுபவருக்குச் சுத்தமாகத் தெரியாது. அதனால் வாரம் ஒரு முறை, காரை வீட்டில் நிறுத்தும்போது விளக்கைப் போட்டு, இறங்கி முன்னால் வந்து பாருங்கள். பிள்ளைகளை முன்னால் நிற்கச் சொன்னால் அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்படியே பின்னால் போய் பிரேக் விளக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுக் காரில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால், "அண்ணே, வலது பக்க லைட் எரியல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முடிந்தால் கூட நின்று மாற்றிக் கொடுங்கள். நாளைக் காலை பெரட்டுக்குப் போகும் பாதையில் அந்தக் காருக்கு எதிரே மோட்டார் சைக்கிளில் வருவது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.