மாறிலிகளுக்குப் பெயரிடல் (நிரலாக்கம்)

கணினி நிரலாக்கத்தில், நிரல் இயங்கும்பொழுது மாறாதிருக்கும் மதிப்பு மாறிலி எனப்படும். மாறிலிகளுக்குப் பெயரிடல் என்பது, அம்மதிப்பை நிரலில் ஆங்காங்கே நேரடியாக எழுதாது, அதன் பொருளை உணர்த்தும் பெயரொன்றைச் சூட்டி அப்பெயராலேயே பயன்படுத்துவதாகும். பெயரும் விளக்கமும் இன்றி நிரலில் இடம்பெறும் எண்கள் மாய எண்கள் என அழைக்கப்படுகின்றன.

பயன்கள்

ஒரு நிரலில் 86400 என்ற எண் மட்டும் காணப்பட்டால், அது எதனைக் குறிக்கின்றது என்பதை வாசிப்பவர் ஊகிக்க வேண்டியுள்ளது. நாளின்_நொடிகள் என்ற பெயர் அந்த ஐயத்தை நீக்குகின்றது.

மதிப்பைத் திருத்த நேரும்பொழுது பெயரின் தேவை மேலும் தெளிவாகும். இந்தியாவில் வாக்களிக்கும் வயது, 1989 இல் நடைமுறைக்கு வந்த 61 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆண்களின் குறைந்தபட்சத் திருமண வயதோ 21 ஆகவே நீடித்தது. இரண்டையும் வெறும் 21 என எழுதியுள்ள நிரலொன்றில் எல்லா 21களையும் 18 ஆக மாற்றினால், திருமண வயதும் பிழையாக மாறிவிடும். வாக்காளர்_வயது, ஆண்_திருமண_வயது எனத் தனித்தனி மாறிலிகள் இருப்பின், முன்னதை மட்டும் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

பெயரிடும் முறைகள்

பெயர், மதிப்பை அன்றி அதன் நோக்கத்தைக் குறித்தல் வேண்டும். இருபத்தொன்று என்று பெயரிடுவதால் பயனில்லை. மதிப்பு 18 ஆன பின்னர் அப்பெயர் பொய்யாகவும் ஆகிவிடும்.

சி, ஜாவா, பைத்தான் ஆகிய மொழிகளில் மாறிலிகளின் பெயர்களை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், சொற்களுக்கிடையே அடிக்கோடு இட்டு எழுதுவது மரபு. மதிப்பு மாற்றப்படுவதைப் பைத்தான் மொழி தானாகத் தடுப்பதில்லை என்பதால், அங்கு இம்மரபே எச்சரிக்கையாக அமைகின்றது.

எனினும் எல்லா எண்களுக்கும் பெயர் தேவையில்லை. பாதியைக் காண 2 ஆல் வகுத்தல் போன்றவை தாமாகவே விளங்குவன.

அலகுகள்

அளவைக் குறிக்கும் மாறிலியின் பெயரில் அலகும் இடம்பெறுதல் நன்று. காத்திருப்பு_நேரம் என்பதைவிடக் காத்திருப்பு_நொடிகள் என்பது தெளிவானது. நாசாவின் மார்சு கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபொழுது இழக்கப்பட்டது. ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடிகளில் அளித்த எண்களை, மற்றொன்று நியூட்டன்-நொடிகளாகக் கொண்டதே இதன் காரணம். இது மாறிலியின் பெயரால் நேர்ந்த பிழையன்று. ஆயினும் எண்ணுடன் அலகும் வெளிப்படையாகத் தெரிவதன் இன்றியமையாமையை இது உணர்த்துகின்றது.