ஏழு அங்குலக் குறையும் ஒரு டைனோசரும்

பிரிட்டனில் ரயில் மாடல் வைத்து ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் கையாள்வது ‘டபுள் ஓ’ என்ற அளவு. நிஜ ரயிலில் ஓர் அடி என்றால் மாடலில் 4 மில்லிமீட்டர்; ஏறக்குறைய 76-இல் ஒரு பங்கு. இன்ஜின், பெட்டி, பிளாட்பாரம், கைகாட்டி மரம் எல்லாம் இந்தக் கணக்குக்குச் சரியாக வரும். தண்டவாளம் மட்டும் வராது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர்; அதைத் திருப்பிப் பெருக்கினால் 4 அடி ஒன்றரை அங்குலம். நிஜத்தில் அங்கே இருப்பது 4 அடி எட்டரை அங்குலம். முழுசாக ஏழு அங்குலம் குறைகிறது.

யாரோ அசட்டையாகச் செய்த தவறில்லை இது. 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் ‘ஹெச்.ஓ’ எனப்படும் 87-இல் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாகப் பொருந்தும். ஆனால் பிரிட்டன் ரயில் யுகத்தின் தொடக்கத்திலேயே பாலமும் சுரங்கமும் கட்டிவிட்ட நாடு. அவை குறுகலானவை. அதனால் அங்குள்ள இன்ஜின்களும் ஐரோப்பிய இன்ஜின்களைவிடச் சிறியவை. அவற்றை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், இந்த மாடல் அளவு உருவான காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. எனவே உடம்பை மட்டும் கொஞ்சம் பெருக்கிக்கொண்டு, தண்டவாளத்தை இருந்தபடியே விட்டுவிட்டார்கள். ஓட வேண்டும் என்ற ஆசைக்கு அச்சு அசலாக இருக்க வேண்டும் என்ற ஆசை விட்டுக்கொடுத்த இடம் அது.

பக்கவாட்டில் பார்க்கும்போது இந்தக் குறை தெரியாது. கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்தி, எதிரே வரும் இன்ஜினை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். பருத்த ஆள் ஒருவர் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்ததுபோல இருக்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. முடியாதவர்கள் முதலில் தண்டவாளத்தை 18 மில்லிமீட்டருக்கு அகட்டினார்கள். அதுவும் போதாது என்ற ஒரு குழு 1966-இல் ‘புரோட்டோஃபோர்’ என்ற பெயரில் 18.83 மில்லிமீட்டர் என்று கறாராக வரையறுத்தது. கூடியது இரண்டே கால் மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் அதற்காக இன்ஜினின் சக்கரங்களை மாற்ற வேண்டும். வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்டுகளைப் பெரும்பாலும் கையாலேயே கட்ட வேண்டும். சக்கர விளிம்பு நிஜத்தைப் போலவே மெலிந்துவிடுவதால், தண்டவாளத்தில் மயிரிழை மேடு பள்ளம் இருந்தாலும் வண்டி தடம்புரண்டுவிடும். அதைத் தாங்க ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் அசைந்துகொடுக்கும் அமைப்பு வேண்டும். மாதக்கணக்கில் மெனக்கெட்ட பிறகு ஓடுவது ஒரே ஒரு சரக்கு வண்டியாக இருக்கலாம். அந்த ஒரு வண்டி பாயின்ட்டைத் தாண்டும்போது அதைச் செய்தவர் அடையும் சந்தோஷம் அசல் சந்தோஷம்தான். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நம்மூர் ரயிலைச் செய்ய நினைப்பவருக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. நம் பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர். 87-இல் ஒரு பங்கு என்றால் 19.3 மில்லிமீட்டர் வரவேண்டும். கடையில் கிடைப்பது 16.5. வித்தியாசத்தை நிஜ அளவில் சொன்னால் 24 சென்டிமீட்டர். பிரிட்டிஷ்காரர்களின் ஏழு அங்குலத்தைவிட அதிகம். நீளம் அடுத்த தலைவலி. எல்.ஹெச்.பி. ரகப் பயணிகள் பெட்டி ஒன்று மாடலில் 27 சென்டிமீட்டர். 24 பெட்டி எக்ஸ்பிரஸை அப்படியே கோத்தால் இன்ஜின் இல்லாமலே ஆறரை மீட்டர். அது நிற்கும் பிளாட்பாரத்துக்கு எத்தனை வீட்டுக் கூடத்தில் இடமிருக்கிறது? நிஜப் பாதையில் ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வளைவைச் சுருக்கினால் பதினொன்றரை மீட்டர் ஆரம் வரும். கடையில் வாங்கும் மாடல் செட்டோடு கிடைக்கும் 18 அங்குல ஆர வளைவோ நிஜத்தில் வெறும் 40 மீட்டருக்குச் சமம். எந்த எக்ஸ்பிரஸும் அதில் திரும்பாது.

ஆகவே எவ்வளவு கறாரானவரும் எங்கேயோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும். எங்கே வெட்டுவது, எதில் பிடிவாதமாக இருப்பது என்பதை அவரவர் தேர்ந்துகொள்கிறார்கள். இதை ஒரே கூரையின் கீழ் பார்க்க ஓர் இடம் இருக்கிறது: ஆக்ஸ்போர்டுஷையரின் லாங் விட்டன்ஹம் கிராமத்திலுள்ள பென்டன் அருங்காட்சியகம்.

அதைத் தொடங்கிய ராய் இங்லண்ட் ஆஸ்திரேலியர். 1925-இல் இங்கிலாந்துக்கு வந்தவர், வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கூரைவீடுகளில் மனதைப் பறிகொடுத்தார். அந்த வீடுகளோ கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தன. கூரையைப் பிரித்துவிட்டு மலிவான தகடு வேய்ந்தார்கள், சிலவற்றை இடித்தே போட்டார்கள். போவதைத் தடுக்க முடியாது, அளவெடுத்தாவது வைத்துவிடலாம் என்று அவர் இறங்கினார். அட்டையில் சுவர். ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியாகக் கீறி, ஒவ்வொன்றுக்கும் சற்றே வேறான வண்ணம். உள்ளங்கையில் அடங்கும் வீட்டின் தோட்டத்தில், அந்த வீட்டுக்கு உரிய செடிகள். ஒரு வீடு முடிய ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆவதுண்டு. 1954-இல் பழைய மதுக்கடைக் கட்டடம் ஒன்றை வாங்கித் தொடங்கிய அருங்காட்சியக வேலை, அவர் காலத்துக்குப் பிறகும் தன்னார்வலர்கள் கையில் நடந்துகொண்டிருக்கிறது.

ரயில் மாடல் உலகில் கறாருக்குப் பென்டனைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அங்கே நடுநாயகமாக இருக்கும் ‘பென்டன் பார்வா’ என்ற கிராமம் வரைபடத்தில் கிடையாது. வீடுகள் நிஜம், பள்ளத்தாக்கின் வெவ்வேறு ஊர்களில் அளவெடுத்தவை. அவற்றை ஒன்றுசேர்த்த ஊர் கற்பனை. ஓட்டின் வளைவில்கூடத் தாட்சண்யம் பார்க்காத மனிதர், ஊரையே இட்டுக்கட்ட அஞ்சவில்லை.

அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது ஜான் அஹெர்ன் 1930-களின் பிற்பகுதியில் தொடங்கிய ‘மேடர் வேலி ரயில்வே’. அவருக்குப் பிறகு இங்கே கொண்டுவந்து பாதுகாக்கிறார்கள். அது எந்த நிஜப் பாதையின் நகலும் அல்ல. அங்கங்கே கண்டு ரசித்த கட்டடங்களையும் எங்கெங்கோ ஓடிய இன்ஜின்களையும் ஒரு கற்பனைப் பள்ளத்தாக்கில் குடியேற்றினார். அந்தக் காலத்து மாடல்களில் பெரும்பாலானவை பலகைமேல் தண்டவாளம், ஓரத்தில் ஒரு ஸ்டேஷன் என்ற மட்டில் நின்றன. அஹெர்ன் முதலில் நிலத்தை எண்ணினார். குன்றும் ஓடையும் தெருவும் இருக்கிற ஊருக்குள் ரயில் நுழைந்து போயிற்று. தண்டவாள அகலத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஊர் ஊராக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்று நிலக்காட்சியோடு மாடல் செய்கிற ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் இன்னும் ஒரு படி மேலே போனார். தொழிலால் புகைப்படக்காரர். மற்றவர்களின் இன்ஜின்கள் கடைப் பளபளப்போடு ஓடிய நாட்களில், அவருடையவை கரியும் துருவும் படிந்து ஓடின. தரையிலிருந்து எழும் மலைகள், இடத்தை இரட்டிப்பாக்கிக் காட்டும் மறைவான கண்ணாடிகள், நண்பர்கள் கூடி கால அட்டவணைப்படி ஓட்டும் முறை என்று ஒன்றிலும் குறைவைக்கவில்லை. அப்படிப்பட்ட ரயில்வேயின் யார்டில் ஷன்டிங் இன்ஜினுக்குப் பதிலாக ஒரு ஸ்டெகோசாரஸ் சரக்குப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. பெயர் எம்மா. முதுகில் தகடு வரிசையோடு நிற்கும் அந்த டைனோசரின் படத்தைப் பார்ப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு அதன் சுற்றுப்புறம் எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று கவனிப்பார்கள். சுற்றிலும் அத்தனை உண்மை இருந்ததால்தான் எம்மா எடுபட்டது. 1973 ஜனவரியில் ஆலன் இறந்தார். சில நாட்களிலேயே அந்த ரயில்வேயின் பெரும்பகுதி தீக்கிரையானது. பெரும்பாலும் படங்கள்தான் மிச்சம்.

‘தாமஸ்’ என்ற ரயில் இன்ஜினின் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரியும் இந்தக் குலம்தான். மாடல் ரயிலைக் கண்காட்சிகளுக்கு எடுத்துச் சென்று ஓட்டியவர். அவர் கதையில் இன்ஜினுக்கு முகம் உண்டு, அது பேசும், கோபித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு நேரும் விபத்து மட்டும் ஏதாவதொரு நிஜ ரயில்வேயில் நடந்ததாக இருக்க வேண்டும் என்பார்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஆலன் மெக்லேலண்ட் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கினார். ஒரு பெட்டியை அணு அணுவாகச் செதுக்கிக்கொண்டிருந்தால் ரயில்வே எப்போது ஓடும்? அவர் சொன்ன விடை, ‘இதுவே போதும்’ என்ற ஓர் அளவுகோல். அதற்குச் சோம்பல் என்று பொருளில்லை. எல்லாப் பெட்டிகளும் எல்லாக் கட்டடங்களும் ஒரே தரத்தில் இருக்கட்டும். மிச்சமாகும் நேரம், வண்டி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதற்குச் செலவாகட்டும் என்றார். அவருடைய ‘வர்ஜீனியன் அண்ட் ஒஹையோ’ கற்பனை ரயில்வேதான். ஆனாலும் அதன் வண்டிகள் அறைக்கு வெளியே ஒரு நாடு இருப்பதுபோல வந்து போயின. தொடங்கியதை முடிக்க முடியாமல் தவிப்பவர்கள் அவரைத் தேடிப் படிக்க வேண்டும் என்பேன்.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியாது. தன் கறாரை அடுத்தவர்மேல் ஏற்றுவது. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து ஓட்டும் வண்டியில் நீராவி இன்ஜினுக்குப் பின்னால் புதுக்காலத்துப் பெட்டி மாட்டியிருந்தால், அது அவர்கள் ரயில்வே. யாரும் கேட்காமல் பிழை திருத்தப் போவது அநாகரிகம். அதேபோல, இன்ஜினில் ரிவெட்டை எண்ணுபவர் என்று ஒருவரைக் கேலி பேசுவதும் தவறு. பழைய பெட்டியின் வண்ணம் என்ன, படிக்கட்டு எந்தப் பக்கம், கைகாட்டி எந்த உயரம் என்று தேடித் தேடிச் சேர்த்தவர்களின் நோட்டுகளில்தான் அழிந்துபோன ரயில்வேக்கள் பிழைத்திருக்கின்றன.

புதிதாகத் தொடங்குபவர் எதைத் தளர்த்தினாலும் தண்டவாள இணைப்பைத் தளர்த்தக் கூடாது. இணைப்பில் பிசிறு இருந்தால், சக்கரத்தில் அழுக்கு சேர்ந்தால், வண்டி திக்கித் திக்கி நிற்கும். சிறுவர்களுக்கு ஒரே வாரத்தில் சலித்துவிடும். வேக விஷயத்திலும் கறார் வேண்டும். காசு செலவில்லாமல் கிடைக்கும் நிஜத்தன்மை அது ஒன்றுதான், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பாசஞ்சர் ஹெச்.ஓ. அளவில் நொடிக்கு 19 சென்டிமீட்டர்தான் நகர வேண்டும். ஒரு மீட்டர் தண்டவாளத்தைக் கடக்க ஐந்து நொடிக்கும் மேலாகும். யார்டில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஷன்டிங் செய்யும் இன்ஜினுக்கு அதே ஒரு மீட்டர் அரை நிமிடம். ஒரு மீட்டரை அளந்து இரு முனையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கன்ட்ரோலரைத் திருப்பினால், எந்த வேகத்துக்குக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு மாலைப்பொழுதிலேயே கைக்குப் பழகிவிடும்.