ஓட்டிய தூரமும் ஓட்டுபவரும்

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் எல்லோரும் மோட்டார் சைக்கிள்காரர் ஆகிவிடுவரோ என்னும் வாதம் மும்பைத் தமிழர் இல்லங்களிலும் இப்போது எழுகிறது. செம்பூரில் மாதத் தவணைக்குக் கனமான வண்டி ஒன்றை வாங்கிய இளைஞர், சென்ற ஆண்டில் தாம் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் சென்றதாகச் சொல்கிறார். அவருடைய நண்பர் இருபதாயிரம் என்கிறார். மழைக்காலம் முழுவதும் வண்டியை உறையிட்டு மூடிவைத்து, தீபாவளிக்குப் பின் வெளியே எடுப்பவரைக் கண்டு இருவரும் நகைக்கின்றனர். மிகுந்த தூரம் ஓட்டுபவரே உண்மையான மோட்டார் சைக்கிள்காரர், ஏனையோர் வண்டிக்குச் சொந்தக்காரர் மட்டுமே என்பது அவர்கள் கட்சி. அக்கட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஆராய்வோம்.

தூரத்தால் மனிதரை அளக்கும் வழக்கம் மும்பையில் தோன்றியதன்று. அமெரிக்காவில் அயர்ன் பட் என்னும் பெயருள்ள சங்கம் ஒன்று இருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஆயிரம் மைல், அதாவது ஏறக்குறைய 1,610 கிலோமீட்டர், சென்றதைச் சான்றுடன் காட்டுபவரை அது தன் அங்கத்தினராக ஏற்கிறது. மும்பையிலிருந்து புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாகச் சென்னை சேர்வதற்குச் சுமார் 1,340 கிலோமீட்டரே ஆகிறது. ஒரே நாளில் சென்னை போய்ச் சேர்ந்தவருக்கும் அச்சங்கத்தின் வாயிலைத் தொட இன்னும் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் வேண்டும்! அவ்வாறு செல்பவருக்கு உடலுரமும் மனவுறுதியும் உண்டு என்பதை மறுக்க இயலாது. எனினும், இருபதாவது மணி நேரத்தில் அவர் கண் எந்த அளவுக்கு விழித்திருந்தது என்பதைத் தூரம் காட்டும் மானி சொல்லாது.

தூரமே அளவுகோல் எனில், அதை நேர்மையாகப் பிடித்து அளந்து பார்ப்போமே. உணவையும் மளிகையையும் வாசலில் கொண்டுவந்து தரும் இளைஞர்களைத் தாராவியிலும் சயானிலும் எந்நேரமும் காண்கிறோம். அவர்களுள் ஒருவர் நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறார், ஆண்டில் முந்நூறு நாள் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், முப்பதாயிரம் கிலோமீட்டர் ஆகிறது. செம்பூர் நண்பர்கள் இருவரும் இங்கே தோற்றார்கள். ஆயினும் அந்த இளைஞரை யாரும் மோட்டார் சைக்கிள்காரர் என்று அழைப்பதில்லை; அவரும் தம்மை அவ்வாறு எண்ணிக்கொள்வதில்லை. ஆகவே தூரம் பேசுவோர் உண்மையில் தூரத்தைப் பேசவில்லை. ஓய்வு நேரத்தில், தம் செலவில், இன்பத்திற்காகச் செல்லும் தூரத்தை மட்டுமே கணக்கில் சேர்க்கிறார்கள். பிழைப்புக்காக ஓட்டியது அவர்களுக்குக் கணக்கில் வராத தூரம்.

இந்த ஓரவஞ்சனை நமக்கு உடன்பாடன்று. நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் வேரூன்றியதே பணியாளர்களால்தான். 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவான காலத்தில், அவற்றை முதன்மையாக வேண்டியவர்கள் இராணுவத்தாரும் போலீசாரும் ஆவர். மும்பையில் லாம்பிரெட்டா ஸ்கூட்டர்கள் தயாரான நாட்களில் அதன்மீது மனைவியையும் மக்களையும் ஏற்றி மாட்டுங்காவுக்கு வந்துபோன குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர். அவர்களுள் எவரும் தம்மை வீரர் என்று சொல்லிக்கொண்டதில்லை. வேறொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தாராவியின் தோல் தொழிலை வளர்த்தோருள் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்குண்டு. ஞாயிறு காலையில் கண்டாலா மலைப்பாதைக்குப் புறப்படுவோர் அணியும் தோல் சட்டையைத் தைத்தவர், அதே பாதையை ஒரு நாளும் காணாதவராக இருக்கலாம்.

அப்படியானால் தூரத்தால் பயனே இல்லையா? உண்டு. இருசக்கர வண்டி கையாலும் காலாலும் மட்டுமன்றி உடலின் சமநிலையாலும் ஓடுவது. அச்சமநிலை பழக்கத்தால் வருவது, நூலால் வருவதன்று. சயான் சர்க்கிளில் பேருந்துக்கும் லாரிக்கும் இடையே நடைவேகத்தில் ஊர்ந்து செல்வது நெடுஞ்சாலையில் விரைவதினும் கடினம். கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மெல்ல அழுத்தி, கால் ஊன்றாமல் நகரும் திறமையை நகரத்து நெரிசலே கற்றுத்தரும். ஜூன் மாதத்து முதல் மழையில், கோடை முழுதும் சாலையில் படிந்த எண்ணெய் நீரோடு கலந்து மேலெழும்பி வழுக்கும். சாக்கடை மூடிகளும் சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகளும் கண்ணாடிபோல் ஆகும். இதை மூன்று மழைக்காலம் ஓட்டியவர் டயரின் அசைவிலேயே உணர்வார். வண்டியை மூடிவைப்பவருக்கு இவ்வறிவு வர வாய்ப்பில்லை. செம்பூர் நண்பர்களின் நகைப்பில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் பழக்கம் நல்லதைக் கற்பிப்பதுபோலவே தீயதையும் உறுதிப்படுத்துகிறது. 'முன் பிரேக்கைத் தொடாதே, விழுந்துவிடுவாய்' என்று பெரியவர் சொன்னதைக் கேட்டு, லட்சம் கிலோமீட்டரும் பின் பிரேக்கையே நம்பி ஓட்டியவர்கள் உண்டு. வண்டி விரைவாக நிற்க முயலும்போது அதன் பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. ஆதலால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்கே செய்ய முடியும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு இருந்தாக வேண்டும் என்பது விதி. அமைப்பு வந்த பின்னும் பழைய அச்சம் கையைவிட்டுப் போகவில்லை.

வளைவில் திரும்புவதும் அப்படியே. வேகமாகச் செல்கையில் இடப்புறம் திரும்ப வேண்டுமானால், கைப்பிடியின் இடப்பக்கத்தை முன்னே தள்ள வேண்டும்; வண்டி இடப்பக்கம் சாய்ந்து திரும்பும். எல்லோருடைய கையும் இதைத் தானாகவே செய்கிறது. ஆனால் செய்கிறோம் என்று பலர் அறியார். அறியாமல் செய்த காரியம் ஆபத்து நேரத்தில் கைகொடுப்பது ஐயமே. திடீரென ஒரு லாரி குறுக்கிட்டால் கை மரத்துப்போகிறது. வண்டி நேரே சென்று மோதுகிறது. ஓய்ந்த சாலையொன்றில் ஒரு காலைப்பொழுது இதைத் தெரிந்து பழகியவர், தெரியாமல் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் சென்றவரைவிட இவ்விஷயத்தில் மேல் என்றே நாம் கருதுகிறோம்.

அரேபியாவின் லாரன்ஸ் என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளை உயிர்போல் நேசித்தவர். பிரஃப் சுப்பீரியர் வண்டிகள் ஏழு ஒன்றன்பின் ஒன்றாக அவரிடம் இருந்தன. அவருக்குப் பழக்கம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. 1935 மே மாதத்தில் சைக்கிளில் வந்த இரு சிறுவர்மீது மோதாமல் ஒதுங்க முயன்று வீழ்ந்தார். தலையில் அடிபட்டு ஆறு நாட்களில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தோருள் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், பின்னர் இரண்டாம் உலகப் போரில் இராணுவச் செய்தி கொண்டுசென்ற மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941-இல் தம் முடிவை வெளியிட்டார். தொழிலாகவே நாள்தோறும் ஓட்டிய அவ்வீரர்களின் மண்டையோட்டைக் காத்தது தலைக்கவசமே. பிரிட்டிஷ் இராணுவம் அவ்வாண்டிலேயே அதைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வர 1973 வரை ஆயிற்று.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு 44-க்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இவர்களுள் புதிதாகப் பழகியவரும் இருந்திருப்பர், முப்பது ஆண்டு ஓட்டியவரும் இருந்திருப்பர்.

நாமோ, செம்பூர் இளைஞரிடம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கமாட்டோம். மழைக்குப் பின் வண்டியை வெளியே எடுத்தபோது டயரில் காற்றைப் பார்த்தீரா, பிரேக்கைச் சோதித்தீரா, ஓய்ந்திருந்த கை பழகும்வரை முதல் வாரம் மெதுவாகச் சென்றீரா என்று கேட்போம். கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: பின்னால் அமரும் தாய்க்கோ தங்கைக்கோ இரண்டாவது தலைக்கவசம் வீட்டில் இருக்கிறதா? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பின்னால் அமர்பவரையும் சேர்த்தே பேசுகிறது. மும்பைப் போக்குவரத்துப் போலீசார் 2022 ஜூன் முதல் அதைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தலாயினர். மேற்சொன்ன 50,029 பேரில் 14,337 பேர் ஒரு கிலோமீட்டரும் ஓட்டாமல் பின்னால் அமர்ந்து சென்றவர்கள்.