ஜெர்மனியில் பிறந்த யோசனை... தரங்கம்பாடியில் தமிழ் பேசியது!

வெள்ளகோவிலில் ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குக் கிளம்பும் பாட்டி, மறக்காமல் தமிழ் பைபிளைக் கையில் எடுத்துக்கொள்வார். அவரே பிரித்து, அவரே வாசிப்பார். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? 500 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் பெரும்பாலான வீடுகளில் இது நடக்காத காரியம்!

அன்று மேற்கு ஐரோப்பாவில் வழிபாடு லத்தீன் மொழியில்தான். பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் என்று சொல்லி, பாவமன்னிப்புச் சீட்டுகளைக் காசுக்கு விற்றார்கள். ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் பேராசிரியராக இருந்த துறவி மார்ட்டின் லூதர், 1517 அக்டோபர் 31 அன்று 95 கருத்துகளை எழுதி இதை எதிர்த்தார்.

'மீட்பு காசால் வராது, கடவுளின் கருணையை நம்புவதால் வரும். வேதத்தைவிடப் பெரிய அதிகாரம் யாருக்கும் இல்லை' என்பது அவர் நம்பிக்கை. 1521-ல் போப் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த லூதர், புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். ஜெர்மன் பைபிள் முன்பே இருந்தாலும், சந்தையில் பேசுகிறவருக்கும் புரியும்படி இருந்தது இவருடையது. 1522-ல் அது அச்சானது. மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவம் பிளவுபட்டது. டென்மார்க், ஸ்வீடன் நாடுகள் லூதரன் வழிக்கு மாறின.

மணலில் எழுதிய 'அ'

அந்த டென்மார்க்கின் மன்னர் அனுப்பியவர்தான் சீகன்பால்கு. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியபோது, 24 வயது நிறைய ஒரு நாள் பாக்கி! வேதத்தை அவரவர் தாய்மொழியில் கொடுக்க வேண்டுமே... பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார்.

வழி சுலபமாக இல்லை. டேனிஷ் தளபதியுடன் ஏற்பட்ட மோதலால் 1708-ல் கைதாகி, நான்கு மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்தும் வேலையை விடவில்லை. தமிழில் அச்சு நூல் 1578-லேயே வந்துவிட்டது. ஆனால், புதிய ஏற்பாடு முழுமையாகத் தமிழில் அச்சானது 1715-ல், இவரால்தான். இந்திய மொழிகளிலேயே அதுதான் முதல்.

தமிழர்களின் தெய்வங்களைப் பற்றியும் விரிவாக எழுதினார். அவரை ஆதரித்த ஜெர்மனியின் ஹாலே நகரத்தார் அதை அச்சிட மறுத்தார்கள். 1867-ல்தான் அந்நூல் வெளிவந்தது.

1719-ல் தரங்கம்பாடியிலேயே காலமானபோது அவருக்கு வயது 36. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் மொழிபெயர்த்திருந்தார். மீதியை ஷூல்ட்சே என்பவர் முடித்தார். பின்னால் வந்தவர்கள் மொழிநடையைத் திருத்திக்கொண்டே வந்தார்கள்.

கரூர், திருச்சி, தஞ்சாவூர் தாண்டிக் கடலோரத்தில் தொடங்கிய அந்த வேலையின் தொடர்ச்சிதான், இன்று வெள்ளகோவில் பாட்டியின் கையில் இருக்கும் புத்தகம்!