விமான நிலையச் சோதனையும் வீட்டு முன்னேற்பாடும்

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் இரவுப் பேருந்தைப் பிடித்து, சென்னைக்கோ திருச்சிக்கோ விரையும் இளைஞர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். கையில் ஒரு பெட்டி. மார்போடு அணைத்த பையில் பாஸ்போர்ட் எனும் கடவுச்சீட்டு. நெஞ்சில் வீட்டுக்கடனின் நினைவு. முதன்முறை விமானம் ஏறும் அவர் அஞ்சுவது விமானத்தை அன்று. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்து, கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்க்கும் குடியுரிமைச் சோதனை அலுவலரையே அவர் அஞ்சுகிறார்.

அவ்விடத்தை விரைவாகக் கடப்பது எப்படி? இதற்கான விடை விமான நிலையத்தில் இல்லை. நம் வீட்டில்தான் இருக்கிறது.

பெயரில் வரும் தொல்லை

தமிழராகிய நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக்கி முன்னே வைத்துக்கொள்கிறோம். கடவுச்சீட்டிலோ பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் உண்டு. ஒன்றை வெறுமையாக விட்டவர்கள் 2022ஆம் ஆண்டு நவம்பரில் பெரும் இன்னலுக்கு ஆளாயினர். ஒற்றைப் பெயருள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் அப்போது அறிவித்தது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தியது. ஆகவே விண்ணப்பிக்கும்போதே தந்தையின் பெயரை முழுமையாக எழுதி இரு கட்டங்களையும் நிரப்புவது நன்று.

நம் பங்குக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. திருமுழுக்குச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர். அந்தோணிசாமி, ஆரோக்கியசாமி போன்ற பெயர்கள் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதப்படுகின்றன. விசாவிலும் பயணச்சீட்டிலும் கடவுச்சீட்டிலும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் கேள்வி எழும். எழுத்துப் பிழையைத் திருத்தும் இடம் சோதனை மேசை அன்று.

காவலாக நிற்கும் முத்திரை

கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. கல்வி அங்கே காலந்தாழ்ந்தே எட்டியது. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள் மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. இத்தகையோரின் கடவுச்சீட்டில் பொதுவாக ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்னும் குறிப்பு அச்சிடப்படுகிறது. ‘இ.சி.ஆர்.’ என்று மக்கள் சொல்வது இதனையே. இவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி முன் அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூர் இப்பட்டியலில் இல்லை.

இந்த அனுமதியைப் பலர் தடைக்கல் என்று எண்ணுகின்றனர். உண்மையில் இது காவற்சுவர். இதற்காக வேலை ஒப்பந்தம் சரிபார்க்கப்படுகிறது. 275 ரூபாய்க்கு இரண்டு ஆண்டுகள், விபத்து மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும் 10 லட்சம் ரூபாய் வரை ஈடு தரும் காப்பீடும் கிட்டுகிறது. பதிவுபெற்ற முகவர் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. முகவர் பதிவுபெற்றவரா என்பதை ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் ஆள் அனுப்பி வருகிறது.

“இந்தச் சிரமமெல்லாம் எதற்கு? சுற்றுலா விசாவில் போய்விடு, வரிசையில் ஒருவரும் கேட்கமாட்டார்கள்” என்று ஆசை காட்டும் தரகர்கள் உளர். சுற்றுலாப் பயணிக்கு இந்த அனுமதி தேவையில்லை என்பது மெய்யே. ஆனால் அலுவலர் ஐயுற்றால் பயணம் அங்கேயே நின்றுவிடும். ஐயுறாது விட்டாலோ, அதனினும் பெரிய துன்பம் கடலுக்கப்பால் காத்திருக்கும். சுற்றுலா விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். ஊதியம் மறுக்கப்பட்டால் முறையிட ஒப்பந்தம் இல்லை. விபத்து நேர்ந்தால் இக்காப்பீடும் இல்லை. அரை மணி நேர வரிசைக்கு அஞ்சி இத்தனையையும் இழப்பது அறிவுடைமை ஆகுமா?

விரைவு வழி

நேரிய முறையில் விரைந்து செல்லவும் இன்று வழியுண்டு. இந்தியக் குடிமக்கள் புறப்படும்போது நிரப்பிவந்த அட்டை 2017 ஜூலை முதல் நீக்கப்பட்டது. அடிக்கடி பயணம் செய்வோருக்காக மத்திய அரசு ‘நம்பகமான பயணியர் திட்டம்’ ஒன்றை 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கியது. அது 2025 ஜனவரியில் சென்னைக்கும், செப்டம்பரில் திருச்சிக்கும் வந்தது. இதில் சேரக் கட்டணம் இல்லை. இணையதளத்தில் விண்ணப்பித்து, ஏற்கப்பட்டபின் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பின்னர் கடவுச்சீட்டையும் விமான அனுமதிச் சீட்டையும் தானியங்கிக் கதவில் காட்டி, முகத்தைக் காட்டினால் கதவு திறந்துகொள்ளும். பதிவு ஐந்து ஆண்டுகள் வரை, அல்லது கடவுச்சீட்டு காலாவதியாகும் வரை செல்லும். வெளிநாட்டிலுள்ள மக்களிடம் ஆண்டுதோறும் சென்றுவரும் பெற்றோருக்கு இது பேருதவி.

சிங்கப்பூரும் மலேசியாவும் வருகை அட்டையை, வந்திறங்குவதற்கு முன் மூன்று நாட்களுக்குள் இணையவழியில் நிரப்பச் சொல்கின்றன. இரண்டும் இலவசம், இவற்றுக்குக் கட்டணம் கேட்கும் தளங்களை நம்பவேண்டாம்.

புறப்படும் முன்னிரவில்

கடவுச்சீட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் உண்டா என்று பாருங்கள். விசா, வேலை ஒப்பந்தம், குடிபெயர்வு அனுமதி, தங்குமிட முகவரி ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து, பெட்டிக்குள் போடாமல் கையில் கொண்டு செல்லுங்கள். ஒவ்வொன்றின் படியையும் வீட்டில் விட்டுச் செல்லுங்கள். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் சேருங்கள். வினவப்பட்டால் சுருக்கமாகவும் உண்மையாகவும் விடை கூறுங்கள். தரகர் சொல்லிக்கொடுத்த கதை இரண்டாம் கேள்விக்கே தடுமாறும்.

நம் வீட்டுப் பிள்ளை வெளிநாடு செல்லும்போது புதுப்பெட்டியும் ஊறுகாயும் வாங்கித் தருகிறோம். அவற்றோடு ஒரு மாலைப்பொழுது அவன் அருகே அமர்ந்து, அவன் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்போமாக. சோதனை மேசையில் அவன் நிமிர்ந்து நிற்கும் துணிவு அந்த மாலையில்தான் பிறக்கிறது.