பிள்ளைக்கு இழுப்பு வந்தால் கரண்டியைத் தேடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்!



ஒரு நாள் காலை, பெரட்டு முடிந்து எல்லாரும் வேலைக்காட்டுக்குப் போய்விட்ட நேரம். ஒரு பாட்டி, இரண்டு வயதுப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "டிரசரையா, பிள்ளைக்கு இழுத்துக்கிச்சு, பாருங்கையா!" என்று அலறினார்.

நான் பார்க்கும்போது இழுப்பு நின்றிருந்தது. ஆனால் பிள்ளையின் வாயெல்லாம் ரத்தம். முன்பல் ஒன்று உடைந்திருந்தது. நாக்கைக் கடித்துக்கொள்ளுமே என்று பயந்து, பக்கத்து வீட்டார் கரண்டிக் காம்பை வாய்க்குள் திணித்திருக்கிறார்கள். இழுப்பு செய்யாத கெடுதலைக் கரண்டி செய்துவிட்டது.

அந்தப் பிள்ளைக்கு வந்தது காய்ச்சல் இழுப்பு. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளில் 100க்கு 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. பிஞ்சு மூளை காய்ச்சலைத் தாங்காமல் தாறுமாறாக வேலை செய்யும்போது கைகால் வெட்டி இழுக்கிறது, கண் செருகுகிறது, நினைவு தப்புகிறது. பேயும் இல்லை, சாமி குற்றமும் இல்லை. பெற்றவர்களுக்குச் சின்ன வயதில் வந்திருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும்.

இழுப்பில் பல வகை

சாதாரணக் காய்ச்சல் இழுப்பு உடம்பு முழுவதும் வரும். பெரும்பாலும் சில நிமிஷத்தில் தானே நின்றுவிடும். அது மூளையைக் கெடுக்காது. மூன்றில் ஒரு பிள்ளைக்கு வேறொரு காய்ச்சலின்போது மறுபடி வரலாம்.

15 நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, 24 மணி நேரத்துக்குள் திரும்ப வந்தாலோ அது சாதாரணமல்ல.

காய்ச்சலே இல்லாமல் திரும்பத் திரும்ப வருவது காக்காய் வலிப்பாக இருக்கலாம். சில பிள்ளைகள் துடிப்பதே இல்லை. பள்ளியில் சில விநாடி வெறித்துப் பார்ப்பார்கள். வாத்தியார் கனவு காண்கிறான் என்று திட்டுவார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கி எழும்போது திரும்பத் திரும்ப உடம்பை மடக்கி வெடுக்கென்று துள்ளினால், வயிற்றுவலி என்று ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

மூளைக்காய்ச்சல், கடும் பேதி, தலையில் அடி, பூச்சி மருந்து ஆகியவற்றாலும் இழுப்பு வரும். சாமி மேடைக் கற்பூரத்தைப் பிள்ளை தின்றாலும் வரும். அதை எட்டாத இடத்தில் வையுங்கள்.

உடனே செய்ய வேண்டியது

1. மணி பாருங்கள். பயத்தில் ஒரு நிமிஷம் பத்து நிமிஷமாகத் தெரியும்.

2. பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வந்துவிடும். சட்டையைத் தளர்த்துங்கள். இடிக்கும் சாமான்களை நகர்த்துங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள்.

3. வாயில் எதையும் வைக்காதீர்கள். கரண்டி, விரல், தண்ணீர், மருந்து, வெங்காயச் சாறு எதுவும் கூடாது. ஊற்றியது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

4. சாவி கொடுத்து இழுப்பு நிற்பதில்லை. தானே நிற்கிற இழுப்புக்குச் சாவி பேர் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

5. 5 நிமிஷம் ஆகியும் நிற்காவிட்டால் 999க்குக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நின்றுவிட்டாலும், முதல் தடவை என்றால் காட்டியே ஆக வேண்டும். கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, தெளியாத மயக்கம் இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில்

இழுப்பு நிற்காவிட்டால் டையஸிபாம் போன்ற மருந்தை ஆசனவாய் வழியாகவோ ஊசியாகவோ கொடுப்பார்கள். மூளைக்காய்ச்சல் சந்தேகம் வந்தால் முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்ப்பார்கள். கால் முடங்கிப் போகும் என்று பயந்து கையெழுத்துப் போட மறுக்காதீர்கள்; அந்த நோயைக் கண்டுபிடிக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து.

பாராசிட்டமால் பிள்ளையின் எடைக்குத் தகுந்த அளவில் கொடுக்கலாம். உடம்புக்குச் சுகமாக இருக்கும். ஆனால் இழுப்பு வராமல் தடுக்காது. அதனால் மருந்து கொடுத்தும் வந்துவிட்டதே என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. காக்காய் வலிப்புக்குத் தினமும் மாத்திரை உண்டு. இழுப்பு வரவில்லையே என்று நீங்களாக நிறுத்தினால், முன்னைவிட மோசமாகத் திரும்பக்கூடும்.

நாம் வேலைக்காட்டில் இருக்கும்போது பிள்ளையின் பக்கத்தில் இருப்பது பாட்டி, அக்காள், ஆயா. இந்தப் பக்கத்தை இன்று ராத்திரியே அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். அவர் கெட்டவர் இல்லை. அன்று அவர் கையில் கரண்டி இருந்தது, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.